கண்ணாடிக்குப் பக்கத்தில் கருவி, கழுத்துக்குப் பின்னால் கடிகாரம்!

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். 2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் கோட்டைப் பகுதியின் ஊடே ஓடுகிற கிருஷ்ணகிரி – திண்டிவனம் நெடுஞ்சாலையில் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும் லாரிகளை எவரும் நின்று பார்ப்பதில்லை. லாரிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்ப்பவர்களோ அதைவிடக் குறைவு.

நாம் பார்த்தோம். சென்ற மாதம் ஒரு மாலை, செஞ்சியில் திண்டிவனம் சாலையில் உள்ள ஒரு எலெக்ட்ரிக் கடை வாசலில் லாரி ஒன்று நின்றிருந்தது. கேபினுக்குள் மேஸ்திரி ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை இழுத்து, கதவு ஓரமாகத் தூணின் உள்ளே நுழைத்து, மேலே கொண்டுபோய், நடுவில் தொங்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புப் பெட்டியோடு சேர்த்தார். லாரியின் மின்சாரம் 24 வோல்ட். பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். ஆகவே நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்தார். ஒயர் வெளியே தெரியக்கூடாது என்பதில் அவருக்கு எவ்வளவு அக்கறை! செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்தார். தொழிலாளி கைக்கு அது இயல்பு.

கீழே டிரைவர் தோழர் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன தோழரே, புதுச் சாமான்?" என்று கேட்டோம்.

"ரேடார் டிடெக்டர்ண்ணே. போலீசு ஸ்பீடு கன் வெச்சிகினு நின்னா, கொஞ்ச தூரம் முன்னாலயே இது கத்திடுமாம். வெளிநாட்டுச் சாமான்."

"யார் காசு?"

"நம்ம காசுதான். முதலாளியா குடுப்பாரு? ஒரு தபா செலான் வந்திச்சி. பேட்டாவுல புடிச்சிட்டாரு. இன்னொரு தபா மாட்னா லைசென்ஸையே வாங்கி வெச்சிக்குவாங்களாம். லைசென்ஸ் போனா பொழப்பு போச்சே!"

"கொஞ்சம் நிதானமாக ஓட்டக் கூடாதா?"

அவர் சிரித்தார். பதில் சொல்லாமல் செல்போனை நீட்டினார். முதலாளியின் ஆபீஸிலிருந்து வந்த சேதி அதில் இருந்தது: விடியற்காலை 5 மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும், நேரம் தப்பினால் நடைக் காசில் பிடித்தம்.

தோழர்களே, இந்தக் கட்டுரையின் விஷயம் அந்தக் கறுப்புப் பெட்டி அல்ல. செல்போனில் வந்த அந்தச் சேதிதான். கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிய கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கழுத்துக்குப் பின்னால் முதலாளி மாட்டியிருக்கும் கடிகாரத்தில் போய்த்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது?

முதலில் கருவியைப் பார்ப்போம். தொழிலாளி தன் பேட்டாவிலிருந்து காசு கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி அவனிடம் உண்மையைச் சொல்வது நமது கடமை.

ரேடார் துப்பாக்கி ரேடியோ அலையை அனுப்புகிறது. அலை ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்திலிருந்து வண்டியின் வேகம் கணக்காகிறது. டிடெக்டர் என்பது அந்த அலையைக் கேட்கும் ஒரு ரேடியோப் பெட்டி, அவ்வளவுதான். முன்னால் போகிற வண்டியைப் போலீஸ் அளக்கும்போது சிதறுகிற அலை நம்மிடம் வந்தால், அது கத்தும்.

ஆனால் லேசர் துப்பாக்கிகளும் உபயோகத்தில் இருக்கின்றன. லேசர் என்பது ஊசி போன்ற ஒளிக்கற்றை. சிதறி வந்து முன்கூட்டியே தகவல் சொல்லாது. அது உங்கள் லாரியின் மீது பட்டுப் பெட்டி கத்துவதற்குள் உங்கள் வேகம் அங்கே பதிவாகிவிடும். சாலையோரக் கம்பத்தில் நின்று நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும் காமிராவோ எந்த அலையையும் அனுப்பாமலே படம் பிடிக்கக் கூடியது. இன்னொரு பக்கம், புதுக் கார்களில் பக்கவாட்டில் வரும் வண்டியைக் கண்டறிய வைத்திருக்கும் ரேடாருக்கும், பெரிய கடைகளின் தானாகத் திறக்கும் கதவுகளுக்கும் இந்தப் பெட்டி வீணாகக் கத்தும். கத்த வேண்டிய இடத்தில் மௌனம். மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் கூச்சல்! சில மந்திரிகளின் ஞாபகம் நமக்கு வருகிறது.

அமெரிக்காவில் கார்க்காரர்கள் இதைப் பெரும்பாலான மாநிலங்களில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கனரக லாரிகளில் இதை வைக்கக் கூடாதென்று அங்கே 1994 முதலே தடை இருக்கிறது. முதலாளித்துவ நாட்டின் தலைமைப் பீடத்திலேயே லாரிக்கு இது ஆகாது என்று முடிவு கட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

மேலும் ஒரு விஷயம். கிராமத்துப் பாதையில் ஒளிந்திருந்து பிடிக்கும் போலீசைக் கண்டுபிடிக்கவே இந்தப் பெட்டி என்கிறார்கள். காமிரா வைத்துப் பிடிப்பதற்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தது. வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவி வைத்திருக்கும் சாலைப் பகுதிக்கு முன்னால், 'இங்கே கண்காணிக்கப்படுகிறது' என்ற எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால், காசு கொடுத்து வாங்கிய பெட்டி சொல்ல வேண்டிய சேதியைச் சாலையோரப் பலகை இலவசமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? பலகை எங்கே என்று கேட்பதற்குத் தனித்தனி டிரைவரால் முடியாது. யூனியனால் முடியும்.

சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நமது டிரைவர் தோழர்களுக்குச் செலான் தெரியும், ஆர்.டி.ஓ. தெரியும், லைசென்ஸ் பறிபோகும் என்று தெரியும். ஆனால் அதே சட்டத்தில் அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 183. 2019-ல் திருத்தப்பட்ட பிறகு, கனரக சரக்கு வாகனத்தை அதிவேகமாக ஓட்டினால் 2,000 ரூபாய் முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் லைசென்ஸ் பறிமுதல். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத பாதி இது: ஓட்டுகிறவன் மட்டும் குற்றவாளி அல்ல. தன்னிடம் வேலை செய்கிறவனை, அல்லது தன் ஆதிக்கத்தில் இருப்பவனை, அப்படி ஓட்டும்படி செய்கிறவனும் குற்றவாளி. அதோடு நிற்கவில்லை. இந்தப் பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் அட்டவணை போட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் முடிப்பது நடைமுறையில் முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்கில் சாட்சியாகும். அதே 183-வது பிரிவின் நாலாவது உட்பிரிவு இது. நாம் இட்டுக்கட்டியதல்ல, பார்லிமெண்ட் போட்ட சட்டம்.

செல்போனில் வந்த சேதியை இப்போது மறுபடியும் படித்துப் பாருங்கள். 'விடியற்காலை 5 மணிக்குள்.' கணக்குப் போடுவோம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறைபாரம் ஏற்றிய லாரி ஊருக்குள் நுழைந்து, கேட்டில் நின்று, மாட்டுக்கும் மனிதனுக்கும் வழிவிட்டுச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏழரை மணி நேரம். இடையில் சாப்பாடு, டீ, டயர் பார்ப்பது, கண்ணயர்வது என்று மேலும் இரண்டு மணி நேரம். ஆக ஒன்பதரை மணி. இரவு 10 மணிக்கு லோடு ஏற்றி முடித்துவிட்டு, 5 மணிக்கு வா என்றால் கையில் இருப்பது ஏழு மணி நேரம். விட்டுப்போன இரண்டரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? டிரைவரின் தூக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அல்லது செஞ்சி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் வேகத்தைக் கூட்டி எடுக்க வேண்டும். வேறு வழி உண்டா?

பாக்கிக் கதையும் கேளுங்கள். லாரியில் ஜி.பி.எஸ். பொருத்தியிருக்கிறார்கள். வண்டி எங்கே போகிறது, எந்த நேரத்தில் எந்த வேகத்தில் போயிற்று, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் முதலாளியின் ஆபீஸில் விநாடி விநாடியாகப் பதிவாகிறது. டிரைவர் டீக்கடையில் பத்து நிமிஷம் அதிகமாக நின்றால் உடனே போன் வருகிறது. அதே டிரைவர் வரம்பை மீறி வேகமாகப் போகும்போது மட்டும் போன் வருவதில்லை! நின்றால் கண் திறக்கிறது. பறந்தால் கண் மூடிக்கொள்கிறது. வேகம் தெரியாது என்று இந்த முதலாளிகள் நாளை கோர்ட்டில் சொல்ல முடியுமா? அவர்களுடைய கருவியே அவர்களுக்கு எதிரான சாட்சி.

ஆகவே நாம் கேட்கிறோம்: வேகக் குற்றத்துக்காக டிரைவர்கள் மீது வழக்குப் போடும் அதிகாரிகள், இந்த நாலாவது உட்பிரிவை முதலாளிகள் மீது எத்தனை முறை பிரயோகித்திருக்கிறார்கள்? வாளுக்கு இரண்டு பக்கமும் கூர் என்று சட்டம் சொல்கிறது. தொழிலாளியின் பக்கம் மட்டும் தீட்டி வைத்திருப்பது யார்?

ஆளை இறக்கிக் கருவியை ஏற்றிய வருஷம்

நேஷனல் பெர்மிட் லாரிகளில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும். மாற்று டிரைவர் படுத்துத் தூங்க இடம் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. எல்லா முதலாளிகளும் அதை மதித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு விதி இருந்தது. 2018-ஆம் வருஷம் அந்த இரண்டாவது டிரைவர் கட்டாயமில்லை என்று மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியது. அதே திருத்தத்தில் வண்டிக்கு ஃபாஸ்டாக் கட்டாயம், இருக்குமிடம் காட்டும் கருவி கட்டாயம் என்றும் எழுதியது. அதே 2018 ஜூலையில்தான் லாரியின் அச்சுப் பார வரம்பையும் உயர்த்தியது.

சேர்த்துப் பாருங்கள், தோழர்களே! ஒரே வருஷத்தில் பாரத்தை ஏற்றினார்கள், ஆளை இறக்கினார்கள், அவனுடைய இடத்தில் கருவியை உட்கார வைத்தார்கள். கருவிக்குப் பேட்டா வேண்டாம், கருவி தூங்காது, கருவி யூனியனில் சேராது. மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஆள் பார்த்த தறியை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, பக்கத்தில் நின்ற ஆளைக் காணாமல் போகச் செய்த கதைதான் லாரி கேபினுக்குள்ளும் நடக்கிறது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்மை. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகள் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவியோடு வர வேண்டும். டிப்பர், டாங்கர் போன்றவற்றுக்கு 60. நல்ல விதிதான். ஆனால் அதைக் கழற்றிவிடுவதும் முறுக்கிவிடுவதும் எந்த டிரைவருடைய லாபத்துக்காக? மேலும், ஒரு லாரி 80 கிலோமீட்டர் வேகத்தில் செஞ்சிக் கடைத்தெருவுக்குள் வந்தால் எந்தக் கருவியும் அதைத் தடுக்காது. 80 என்பது நாற்சக்கரச் சாலைக்கு வேகம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அது கொலைபாதகம்.

சாலையில் சாகிறவன் யார்?

இங்கே நமது தோழர்களுக்கே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. 'போலீஸ்காரன் மாமூல் வாங்குகிறான். அவனை ஏமாற்ற ஒரு பெட்டி வைத்தால் என்ன தப்பு? நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்?' என்று அந்த டிரைவர் தோழரே நம்மைக் கேட்டார். மாமூலை நாம் மறைக்கவில்லை. அதை எதிர்த்து எழுதுவதை நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் இதையும் யோசிக்க வேண்டும்: பெட்டி போலீஸ்காரனை ஏமாற்றலாம். சாலையைக் கடக்கும் கிழவியை அது எச்சரிக்காது.

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். நாட்டிலேயே மிக அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் நடந்த சாவுகளில் பத்தில் ஏழு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. இறந்தவர்கள் யார்? ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

இரண்டு சக்கர வண்டியில் ராத்திரி ஷிப்டு முடிந்து திரும்புகிறவன் யார்? மில் தொழிலாளி. விடியற்காலையில் நடவுக்கும் களைக்கும் சாலை ஓரமாக வரிசையாக நடந்து போகிறவள் யார்? விவசாயத் தொழிலாளிப் பெண். நெல் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிவந்து ராத்திரி முழுக்க வண்டியோடு சாலையோரம் படுத்திருக்கிறவன் யார்? சிறு விவசாயி. ஒரு தொழிலாளியின் தூக்கத்தைத் திருடி, அந்தத் திருட்டுப் பொருளால் இன்னொரு தொழிலாளியின் உயிரை அடிக்கிறார்கள். பிறகு செத்தவன் வீட்டாரும் ஓட்டியவன் வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். சரக்கு மட்டும் வேறு லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தேசிங்கு ராஜன் 1714-ல் சிறு படையோடு குதிரையில் பாய்ந்து மாண்ட கதையை நம் ஊரில் குழந்தையும் சொல்லும். வேகமாகப் பாய்ந்து மடிவது ராஜாக்களின் கதைக்கு அழகாக இருக்கலாம். லாரி ஓட்டும் தோழரே, உமக்கு ராஜ்யம் இல்லை; கோட்டை இல்லை. வீட்டில் காத்திருப்பவர்கள்தான் உண்டு.

எட்டு மணி நேரம் லாரிக்கு இல்லையா?

இந்த நெடுஞ்சாலை போய்ச் சேரும் பக்கத்தில்தான் புதுச்சேரி இருக்கிறது. 1936 ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. 12 தொழிலாளர்கள் மடிந்தார்கள். அந்தத் தியாகத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலையை அங்கே அந்நிய சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த எட்டு மணி நேரம் ஆலை கேட்டுக்கு உள்ளே வந்தது. ஆலையின் பேல்களை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்த லாரிக்கு வந்ததா?

1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர ஓட்டத்துக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள கம்பெனிகளுக்கு அது பொருந்தியது. உடனே முதலாளிகள் செய்த தந்திரம் என்ன? பெண்டாட்டி பேரில் இரண்டு லாரி, மைத்துனன் பேரில் இரண்டு லாரி, எந்தப் பேரிலும் ஐந்து பேர் இல்லை! காகிதத்தில் கம்பெனி உடைந்தது. கல்லாப்பெட்டி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டிய சர்க்கார் என்ன செய்தது? 2025 நவம்பர் 21-ஆம் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 1961-ன் சட்டத்தைத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைத்தது. ஐந்து பேர் என்றிருந்த எல்லையைப் பத்துப் பேர் ஆக்கியது. ஓட்டையை அடைக்கச் சொன்னால் கதவையே கழற்றிவிட்டார்கள்!

முதலாளிகளின் வாதம்

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 'டிரைவர்கள் குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார்கள். வேகத்தில் அவர்களுக்கே ஆசை' என்று கூசாமல் சொல்கிறார்கள். ஐயா! பத்து வருஷம் ஓட்டியவனுக்கு வேகத்தில் என்ன ஆசை மிச்சமிருக்கும்? நடைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் நடையைக் கூட்டத்தான் ஓடுவான். மாதச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள்; பிறகு யார் ஓடுகிறார் என்று பார்ப்போம். நெல் அறுப்பில் ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகைக் கூலி பேசினால், குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட நிமிராமல் அறுக்கிறாள் தாய். அவளுக்கு அறுப்பதில் ஆசை என்றா சொல்வீர்கள்?

'எங்களுக்கும் கஷ்டம், டீசல் விலை, சுங்கக் கட்டணம், தவணை' என்பது இன்னொரு வாதம். ஒற்றை லாரியை வட்டிக்கு வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இது உண்மை. அவர் நமது எதிரி அல்ல. அவரும் கடிகாரத்தின் கீழ் கிடப்பவர்தான். அவருக்கு நேரம் குறிக்கிறவன் மேலே இருக்கிறான்: சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனி, இடையில் கமிஷன் அடிக்கும் புக்கிங் ஆபீஸ். வாடகையைக் குறைத்து நேரத்தையும் குறைப்பவர்கள் அவர்களே. சட்டத்தின் கை அங்கேயும் எட்ட வேண்டும் என்கிறோம்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். ஐரோப்பிய நாடுகளில் 2007 முதல் அமலில் உள்ள விதிப்படி, டிரைவர் ஒரு நாளில் ஓட்டும் நேரம் சாதாரணமாக 9 மணிதான். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு கட்டாயம். சாலைப் பாதுகாப்புக்குக் கேடாகும் வகையில், ஓடிய தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துப் போனஸ் கொடுப்பதும் அங்கே தடை. தென் கொரியாவில் கண்டெய்னர், சிமெண்டு லாரிக்காரர்களுக்கு 2020-ல் 'பாதுகாப்பு வாடகை' என்ற குறைந்தபட்ச வாடகையை அமலுக்குக் கொண்டுவந்தார்கள்; குறைந்த வாடகைதான் வேகத்துக்கும் தூக்கமின்மைக்கும் தாய் என்று ஒப்புக்கொண்டார்கள். 2022 முடிவில் அது காலாவதியாகும் நேரத்தில் லாரித் தொழிலாளர்கள் 16 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது தோற்றதுபோல் தெரிந்தது. 2025-ல் அந்நாட்டுப் பார்லிமெண்ட் அதே சட்டத்தை மறுபடியும் நிறைவேற்றியது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், விபத்து நடந்து போலீசுக்குச் சொல்லாமல் போனால் 10 வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரி முதல் தேதி நாடெங்கும் டிரைவர்கள் லாரியை நிறுத்தினார்கள். மறுநாளே சர்க்கார் இறங்கி வந்து பேசியது. 2024 ஜூலை 1-ஆம் தேதி மற்றச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. எந்தக் கறுப்புப் பெட்டி அதைச் செய்தது? ஒன்றாக நின்ற டிரைவர்களின் கை செய்தது.

நாம் கோருவது

லாரித் தொழிலாளர் சங்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளாக நாம் கருதுபவை இவை:

ஒன்று: ஒவ்வொரு நடைக்கும், புறப்பட்ட நேரம், சேர வேண்டிய நேரம் இரண்டையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்மொழி உத்தரவு கூடாது.

இரண்டு: ஜி.பி.எஸ். பதிவின் நகலைக் கேட்கும் டிரைவருக்குக் கொடுக்க வேண்டும். அவனை வேவு பார்த்த கருவி அவனுக்கும் சாட்சி சொல்லட்டும்.

மூன்று: முடியாத நேரம் குறித்த முதலாளிமீது 183-வது பிரிவின் நாலாவது உட்பிரிவின்படி வழக்குத் தொடர வேண்டும். அப்படிப்பட்ட நடையில் வந்த அபராதத்தைப் பேட்டாவில் பிடிக்கக் கூடாது.

நான்கு: நடைக் கூலிக்குப் பதில் மாதச் சம்பளம். நெடுந்தூர லாரிக்கு இரண்டாவது டிரைவர் மீண்டும் கட்டாயம்.

ஐந்து: காமிரா இருக்கும் இடத்துக்கு முன்னால் விதிப்படி எச்சரிக்கைப் பலகை. கிருஷ்ணகிரி – திண்டிவனம் சாலையில் லாரி நிறுத்தித் தூங்கவும் குளிக்கவும் இடம்.

இவை பேராசைக் கோரிக்கைகளா? பாதிக்கு மேல் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, அல்லது இருந்து பறிக்கப்பட்டது.

மில் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இது டிரைவர்களின் பிரச்னை என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் நூற்ற நூலும் அறுத்த நெல்லும் அந்த லாரியில்தான் போகிறது. நீங்கள் நடக்கிற சாலையில்தான் அந்த லாரி வருகிறது. உங்கள் ஊரில் லாரி நிறுத்தும் இடத்துக்குப் போங்கள். டிரைவர் தோழரோடு ஒரு டீ குடியுங்கள். செல்போனில் வந்த சேதியை அழிக்க வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள், அதுதான் சாட்சி என்று சொல்லுங்கள்.

செஞ்சியில் அந்த மாலை, ஒயரை இழுத்து முடித்த மேஸ்திரி பெட்டியை முடுக்கிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. டிரைவர் தோழர் நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த நாலாவது பிரிவை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுங்கண்ணே" என்றார். எழுதிக் கொடுத்தோம். அதை மடித்துச் சட்டைப் பையில் லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு மணி பார்த்தார், அவசரமாக ஏறினார், லாரி கிளம்பியது.

அந்தத் துண்டுக் காகிதம் ஒருவர் பையில் இருந்தால் வெறும் காகிதம். ஆயிரம் பேர் பையில் இருந்தால் அது கோரிக்கை. ஆயிரம் லாரிகள் ஒரே நாளில் அதைக் கையில் ஏந்தி நின்றால், எந்த முதலாளியின் கடிகாரமும் ஓடாது. கருவியை ஒளித்து மாட்டும் கைகள், உரிமையைப் பகிரங்கமாகக் கேட்கும் கைகளாக உயரட்டும்!